வாசலில் விருந்து, உள்ளே வேலி

ஐப்பசி மாதத்து அடைமழை பிடித்துக் கொண்டதும் காவிரிப் பாசனத்து வீடுகளுக்கு அழையாத விருந்தாளிகள் வரத் தொடங்குவார்கள். பாபநாசத்தில் குடமுருட்டியும் திருமலைராஜனும் கரை தொட்டு ஓடும்; வயல் நிரம்பும்; கொல்லை ஊறும். மண்ணுக்குள் குடியிருந்த சிற்றெறும்புகள் தங்கள் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் கவ்விக்கொண்டு மேட்டைத் தேடிப் புறப்படும். நம் வீட்டுச் சுவரைவிட நல்ல மேடு அவற்றுக்கு எங்கே கிடைக்கும்? மறுநாள் காலையில் காப்பிக்குச் சர்க்கரை எடுக்கப் போகும் இல்லத்தரசி, டப்பாவுக்குள் ஒரு திருவிழாவையே காண்கிறாள்.

உடனே யுத்தம் ஆரம்பமாகிறது. ஈரத் துணியால் துடைப்பார் ஒருவர். மண்ணெண்ணெய் ஊற்றுவார் மற்றொருவர். கடையிலிருந்து மருந்துப் பொடியோ, பீய்ச்சும் டப்பாவோ வாங்கி வருவார் வேறொருவர். தரையில் ஆயிரம் பிணங்கள் விழும். ஜயித்துவிட்டோம் என்று எண்ணிப் படுத்தால், விடிந்ததும் அதே வரிசை, அதே ஒழுங்கு! இந்த யுத்தத்தில் நாம் ஏன் ஓயாமல் தோற்கிறோம் என்பதைச் சற்று ஆராய்வோம்.

தொல்காப்பியர் உயிர்களை அறிவின் அளவால் வகுத்தபோது, எறும்பை மூவறிவுள்ள பிராணிகளோடு சேர்த்தார். தொடுவதும், சுவைப்பதும், முகர்வதும் அதன் அறிவு. எறும்புக்குக் கண்ணும் உண்டு என்று இக்காலத்து விஞ்ஞானிகள் திருத்தம் சொல்வார்கள். ஆயினும் சிற்றெறும்பின் வாழ்க்கையில் மூக்கின் வேலையே பெரிது என்பதை அவர்களும் ஒப்புக்கொள்வர். உணவைக் கண்டுபிடித்த எறும்பு புற்றுக்குத் திரும்பும்போது தன் வயிற்றின் நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு ஒரு வாசனைக் கோடு இழுத்துக்கொண்டே போகிறது. பிற எறும்புகள் அந்தக் கோட்டை முகர்ந்து வந்து, தாங்களும் அதன்மேல் கோடிழுக்கின்றன. ஒற்றையடிப் பாதை ராஜபாட்டையாகிறது. எறும்புகளைக் கொன்றாலும் பாதை அப்படியே இருக்கிறது. ஆகையால் முதலில் அழிக்க வேண்டியது பாதை. வெறும் தண்ணீர் போதாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால், டப்பாவிலிருந்து சுவர் விரிசல் வரையில் நன்றாகத் தேய்த்துத் துடைக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. நம் கண்ணுக்குத் தெரிகிற எறும்புகள் ஒரு பெரிய குடும்பத்தின் கூலியாட்கள். வெளியே வேலைக்கு அனுப்பப்பட்ட ஒரு சிறு பகுதி. முட்டையிடும் ராணி சுவருக்குள்ளே சௌக்கியமாக இருக்கிறாள். ஆயிரம் கூலியாட்களைக் கொன்றால் அவள் மேலும் ஆயிரம் பேரைப் பெற்றுத் தருவாள். அதிலும் வீட்டுக்குள் புகும் இனங்கள் சிலவற்றில் ராணி ஒருத்தி அல்ல, பலர். உடல் வெளுத்துத் தலை மட்டும் கறுத்த ஓர் எறும்பு உண்டு. அதை நசுக்கினால் கெட்டுப்போன தேங்காயின் வாடை வீசும். இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள மஞ்சள் நிற எறும்பு மற்றொன்று. 1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்ற சுவீடன் தேசத்துப் பண்டிதர் இதற்கு எகிப்திய மன்னர்களின் பெயரை வைத்தார். இந்தப் பார்வோன் எறும்பின் மேல் மருந்தைப் பீய்ச்சினால் குடும்பம் அழிவதில்லை, பாகப்பிரிவினை செய்துகொள்கிறது! ராணிகள் ஆளுக்கொரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு வெவ்வேறு மூலைகளுக்குக் குடிபெயர்கின்றனர். ஒரு புற்று இருந்த வீட்டில் நாலு புற்று உண்டாகிறது.

பலனில்லாமல் போவதோடு நின்றால் பாதகமில்லை. அடுக்களையில் விஷத்தைத் தூவுகிறோமே, அதன் கதை என்ன? டி.டி.டி.யின் பூச்சி கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்ததற்காக பால் முல்லர் என்பவருக்கு 1948-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. பின்னர் அதன் தீங்கு தெரிய வந்து, 1989-இல் நம் நாட்டு விவசாயத்திலிருந்து அது விலக்கப்பட்டது. எறும்புக்கென்று வீடுதோறும் தூவப்பட்ட பி.எச்.சி. பொடியும் 1997-இல் தடை செய்யப்பட்டது. ஒரு தலைமுறை முழுவதும் உப்பு ஜாடிக்குப் பக்கத்திலேயே அதை வைத்திருந்தது. இன்று அந்த இடத்தில் எறும்புக் கட்டி இருக்கிறது. அது பார்ப்பதற்குப் பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டியைப் போலவே இருப்பதுதான் அதன் பெரிய ஆபத்து. அன்றாடம் குழந்தைகள் கையில் சாக்குக்கட்டியைக் கொடுத்து எழுதச் சொல்லும் தொழிலில் இருப்பவன் ஆதலால் சொல்கிறேன்: எழுதுகிற கட்டி இது, கொல்லுகிற கட்டி அது என்று நாலு வயதுக் குழந்தைக்குத் தெரியாது. தவழும் குழந்தையோ தரையில் கண்ட எதையும் வாயில் வைத்துப் பார்க்கும். எறும்பு கடித்தால் அரை நாழிகையில் மறந்துபோகும். விஷம் உள்ளே போனால் அப்படியல்ல.

பின் என்னதான் உபாயம்? நம் தேசம் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த உபாயம்தான்: ஒத்துழையாமை. எறும்புக்கு நாம் உணவும் நீரும் இடமும் கொடுத்து ஒத்துழைக்கும் வரையில் அது நம்மை விட்டுப் போகாது. ஆனால் ஒத்துழையாமையை முழுமையாகச் செய்ய வேண்டும். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ராஜாஜியின் தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகப் படை திருச்சியிலிருந்து தஞ்சை ஜில்லா வழியாக வேதாரண்யத்துக்கு நடந்து சென்றது. அவர்களுக்கு உணவும் இடமும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று கலெக்டர் தோர்ன் துரை எச்சரித்தார். ஜனங்களோ சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். படை வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது. தேசபக்தர்களை எறும்புக்கு ஒப்பிடுவதாக யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். வழிநெடுகிலும் ரகசியமாக அன்னமிடுவோர் இருக்கும்போது உணவை மறுக்கும் உத்தரவு பலிக்காது என்பதே இங்கே நமக்கு வேண்டிய பாடம். சத்தியாக்கிரகிகளுக்கு அன்னமிட்டது தர்மம். அடுக்களை எறும்புக்கு நாம் அறியாமல் அன்னமிடுவது அஜாக்கிரதை.

அந்த ரகசிய அன்னதாதாக்கள் யார்? இரவில் கழுவாமல் போட்ட பால் பாத்திரம். வெளிப்புறம் பிசுபிசுக்கும் தேன் புட்டியும் எண்ணெய்த் தூக்கும். வெல்லம் இருக்கும் மூடி சரியாக அமையாத டின். கட்டிலுக்கடியில் குழந்தை சிந்திய பிஸ்கோத்துத் தூள். கோகுலாஷ்டமியன்று வாசலிலிருந்து பூஜையறை வரைக்கும் மாவினால் கண்ணன் பாதம் போடுகிறோமே, அன்றிரவே அதைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிடில் கண்ணனுக்குப் பின்னால் இவையும் அதே வழியில் வந்துவிடும். கோடைக் காலத்தில் சொட்டும் குழாயும் நீர் தங்கும் அங்கணமும் எறும்புக்குத் தண்ணீர்ப்பந்தல். முற்றத்துச் செம்பருத்தியையும் பாருங்கள். அதில் மாவுப்பூச்சி பிடித்திருந்தால், அப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அங்கே காவல் இருக்கும். செடியைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, சுவரைத் தொடும் கிளையை வெட்டிவிட வேண்டும்.

இந்த உணவுத் தொடர்பு எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு சான்று. 2022-ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில், நத்தத்தை அடுத்த கரந்தமலை அடிவாரத்தில் மஞ்சள் பைத்தியக்கார எறும்பு என்னும் இனம் பெருகியது. அதன் அமிலத்தால் ஆடுமாடுகளின் கண் கெடுகிறது என்று குடியானவர்கள் முறையிட்டார்கள். இந்து மகா சமுத்திரத்திலுள்ள கிறிஸ்துமஸ் தீவில் இதே எறும்பு ஒரு கோடிக்கு மேற்பட்ட செந்நண்டுகளைக் கொன்றுவிட்டது. அங்கே ஹெலிகாப்டரிலிருந்து மருந்து தூவியும் பார்த்தார்கள். எறும்பு மறுபடியும் தலையெடுத்தது. முடிவில், அந்த எறும்புக்கு இனிப்பு நீர் கொடுத்து வந்த அரக்குப் பூச்சியை ஒடுக்குவதற்காக, 2016-ஆம் ஆண்டு டிசம்பரில் மலேயாவிலிருந்து ஒரு நுண்குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். எறும்பை விடுத்து அதன் அன்னதாதாவைத் தேடிப் போனார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் வரிசை நிற்காவிட்டால், கடைசி அஸ்திரம் ஒன்று உண்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் போரிக் அமிலப் பொடி ஒரு கிராம், சர்க்கரை பத்துக் கிராம். இரண்டையும் நூறு மில்லி வெந்நீரில் கரைத்து ஆறவிடுங்கள். பஞ்சில் நனைத்து, மூடியில் சிறு துளையிட்ட டப்பாவுக்குள் வைத்து, எறும்பு வரும் வழியில் வையுங்கள். இங்கே வீரியம் குறைவாக இருப்பதே சூட்சுமம். மருந்து கூடினால் எறும்பு வழியிலேயே சாகும். குறைவாக இருந்தால் புற்றுக்குப் போய்ச் சேரும். எறும்பு தான் குடித்ததை வாய்க்கு வாய் ஊட்டுவது வழக்கம். அவ்வாறு சில நாட்களில் குஞ்சுகளுக்கும் ராணிக்கும் மருந்து போய்விடும். முதல் இரண்டு நாள் கூட்டம் அதிகமாகத் தோன்றும். பயந்து வேறு மருந்தைப் பீய்ச்சிவிடக் கூடாது. பஞ்சை அவ்வப்போது மாற்றி, இரண்டு மூன்று வாரம் பொறுத்திருக்க வேண்டும். இதுவும் விஷமே என்பதை மறக்க வேண்டாம். டப்பாவின் மேல் "விஷம்" என்று எழுதி, குழந்தையின் கை எட்டாத இடத்தில் வையுங்கள். கலந்த பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. எறும்பு ஓய்ந்த பின், வெளிப்பக்கத்திலிருந்து வரும் விரிசல்களைச் சிமெண்டினால் அடைத்துவிடுங்கள்.

"அரிசி மாவினால் கோலம் போட்டு எறும்புக்கு அன்னமிடச் சொன்ன நம் முன்னோர்களின் தர்மம் என்ன ஆவது?" என்று பாட்டிமார்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. திருச்சிக்குப் பக்கத்தில் திருவெறும்பூரில், தேவர்களே எறும்பு வடிவெடுத்துப் பூஜித்ததாக ஸ்தல புராணம் சொல்லும் எறும்பீசுவரர் எழுந்தருளியிருக்கிறார். எறும்பை வெறுக்கச் சொல்லும் நாடல்ல இது. ஆனால் கோலத்தைப் பெரியவர்கள் எங்கே போடச் சொன்னார்கள்? வாசற்படிக்கு வெளியே. அந்த ஜீவன்களுக்கு உரிய பங்கைத் தெருவாசலில் மனமாரக் கொடுத்துவிட்டு, அடுக்களையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் வீட்டில் கடைசி அஸ்திரத்துக்கு அநேகமாக வேலை இராது. விஷ டப்பாவைத் தேடி நாம் அலமாரியைத் திறப்பதெல்லாம், முந்தின நாள் மூடாமல் விட்ட ஒரு மூடியின் பலன். இன்றிரவு விளக்கை அணைக்கும் முன் ஒரு முறை அடுக்களையைச் சுற்றிப் பாருங்கள்; அங்கிருந்து தொடங்கலாம்.