கட்டடம் சரி, கதவு எத்தனை மணிக்குத் திறக்கும்?

நவீன நூலகம் என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது இரண்டு. ஒன்று, 2010-ல் சென்னை கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். இன்னொன்று, 2023-ல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். கண்ணாடிச் சுவர், லிஃப்ட், ஏசி, குழந்தைகளுக்குத் தனி இடம். இரண்டுமே நல்ல நூலகங்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அதையே சின்னதாக்கிக் கோவில்பட்டியில் கொண்டுவந்து வைத்தால் அது இந்த ஊருக்கான நவீன நூலகம் ஆகிவிடுமா? ஆகாது. ஏன் என்று பார்ப்போம்.

காமர்ஸ் மாணவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. முதலினச் செலவு வேறு, வருவாயினச் செலவு வேறு. கட்டடம் முதலினச் செலவு. ஒரு முறை செய்தால் போதும், கல்வெட்டில் பெயரும் வரும். கரண்ட் பில், நூலகர் சம்பளம், புதுப் புத்தகம் எல்லாம் வருவாயினச் செலவு. வருடா வருடம் செய்ய வேண்டும், அதற்குக் கல்வெட்டு கிடையாது. ஒரு நூலகம் வாழ்வதும் சாவதும் இந்த இரண்டாவது கணக்கில்தான்.

சரி, கோவில்பட்டியில் யாருக்காக நூலகம்? 2011 கணக்கெடுப்புப்படி ஊரில் சுமார் 95 ஆயிரம் பேர். தீப்பெட்டிக் கம்பெனி, பஞ்சாலை, கடலைமிட்டாய், கடை கண்ணி என்று பிழைக்கும் ஊர். பகல் முழுக்க வேலையில் இருப்பவர்களே அதிகம். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை முடிந்து ஒரு பெண் வெளியே வரும்போது நூலகர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தால், உள்ளே எத்தனை லட்சம் புத்தகம் இருந்து என்ன புண்ணியம்?

இவர்களெல்லாம் படிப்பார்களா என்று சிலர் கேட்கலாம். இந்த ஊரில் நின்றுகொண்டு அப்படிக் கேட்கக் கூடாது! 'சூல்' நாவலுக்காக 2019-ன் சாகித்ய அகாதெமி விருது பெற்ற சோ. தர்மன் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். பக்கத்து இடைசெவலின் கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பை முழுதாக முடிக்காதவர். அவர்தான் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி தொகுத்தார், பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார். அதே இடைசெவலின் கு. அழகிரிசாமி, கோவில்பட்டி வட்டாரத்தின் பூமணி இருவரும் சாகித்ய அகாதெமி விருது வாங்கியவர்கள். கல்லூரிக்குப் போகாதவர்களுக்கு நூலகம்தான் கல்லூரி.

இது புது யோசனையும் இல்லை. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை எழுதினார். முதல் விதியை விளக்கும்போதே நூலகம் எங்கே இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைப் பேசிவிட்டார். அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் கிராமங்களுக்குப் போனது. லண்டனில் டவர் ஹாம்லெட்ஸ் என்னும் உழைக்கும் மக்கள் பகுதியில் 2002 முதல் 'ஐடியா ஸ்டோர்' என்ற பெயரில் நூலகங்களைக் கடைவீதியை ஒட்டியே திறந்தார்கள். மக்கள் காய்கறி வாங்க வரும் இடத்துக்கு நூலகம் போனது, அவ்வளவுதான் விஷயம்.

அப்படியானால் கோவில்பட்டி நூலகம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். ஊருக்கு வெளியே பைபாஸ் ஓரம் இடம் சும்மா கிடைக்கிறதே என்று அங்கே கட்டக் கூடாது. எட்டயபுரம், கயத்தாறு, விளாத்திகுளம் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் புத்தகத்தைத் திருப்பிப் போட பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு பெட்டி வைக்கலாம். காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை, ஞாயிறு உட்பட, இரண்டு ஷிப்டில் ஆட்கள் வேண்டும். இரவு 8 மணிக்கு ஒரு பெண் தயங்காமல் வந்துபோக வெளிச்சமான தெருவும் சுத்தமான கழிப்பறையும் வேண்டும்.

கட்டடத்தையும் இதே கணக்கில் பார்க்கலாம். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் பாளம் பாளமாய் வெடிக்கும். சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவரும் சேர்ந்து வெடிக்கும். அடியில் குமிழ் போல அகன்ற அண்டர்ரீம்டு பைல் அஸ்திவாரம் இதற்கென்றே இருக்கிறது. கண்ணாடி முகப்பு இந்த வெயிலுக்கு அடுப்புதான், நாள் முழுக்க ஏசி ஓட வேண்டும். வடக்குப் பார்த்த ஜன்னல், சுற்றிலும் தாழ்வாரம், உயரமான கூரை இருந்தால் பில் பாதி பயமுறுத்தாது. தண்ணீர்ப் பஞ்சம் தெரிந்த ஊர் என்பதால் கூரை மழைநீர் தொட்டிக்குப் போக வேண்டும். புத்தக அலமாரிகளின் எடை அதிகம், அவை தரைத்தளத்திலேயே இருக்கட்டும். வயதானவர்களுக்கும் படி ஏறும் வேலை மிச்சம்.

"எல்லாம் போனிலேயே இருக்கே, நூலகம் எதுக்கு?" என்பது அடுத்த கேள்வி. போனில் எல்லாம் இருக்கலாம். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பையனுக்கு ஒற்றை அறை வீட்டில் உட்கார ஒரு மேஜை போனில் இல்லை. ஆனால் நூலகம் முழுவதும் பரீட்சைக் கூடமாக மாறிவிடவும் கூடாது. கதைப் புத்தகம் தேடி வரும் சிறுமிக்கும் அங்கே இடம் வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி அறை போதும்.

பணம்? தமிழ்நாட்டில் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின் வழியே வசூலாகும் பணம் இது. வீட்டுக்காரர் கட்டுகிறார், வாடகை வழியாகக் குடியிருப்பவரும் கட்டுகிறார். ஆகவே நூலக வாசலில் ஒரு போர்டு வேண்டும். இந்த ஆண்டு ஊரிலிருந்து வசூலான நூலக வரி எவ்வளவு, புத்தகத்துக்குச் செலவு எவ்வளவு, சம்பளத்துக்கு எவ்வளவு என்று நாலே வரி.

பணம் போதவில்லை என்றால் ஒரு மாடியைக் குறையுங்கள். கிரானைட் தரையைக் குறையுங்கள். திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.