பிடிக்காத மரமும் பொல்லாத மரமும்

ஆண்டுதோறும் தசராவுக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட நாள்களில், புணே நகரத்தின் மாலைப் பொழுதுகளில் கனத்ததொரு மணம் பரவும். சாலையோரங்களிலும் குடியிருப்பு வளாகங்களிலும் வரிசையாக நிற்கும் ஏழிலைப்பாலை மரங்கள் பூக்கத் தொடங்கிவிட்டன என்பது அதன் பொருள். இம்மரத்தை மராத்தியர் சாத்வீண் என்றும் சப்தபர்ணி என்றும் அழைக்கின்றனர். அம்மணம் சிலருக்கு இனிமை. சிலருக்கோ மூடிய ஜன்னலையும் தாண்டி வந்து தலைவலி தரும் தொல்லை. நான் இரண்டாம் கட்சியைச் சேர்ந்தவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் வளாகத்தில் இம்மரங்கள் பதினொன்று உள்ளன. வங்கியில் பணிபுரிபவன் என்றால் குடியிருப்போர் சங்கத்தின் பொருளாளர் பதவி தானாகவே வந்து சேரும்; எனக்கும் அவ்வாறே வந்தது. சென்ற ஆண்டு, பதினொரு மரங்களையும் வெட்டிவிட வேண்டும் என்று கோரும் மனு ஒன்று சங்கக் கூட்டத்தின் முன் வைக்கப்பட்டது. அதற்கான செலவை ஒதுக்க வேண்டியவன் நான். மனுவில் என் கையொப்பமும் இருந்தது.

அப்போது, தாவரவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவர் எழுந்தார். “இம்மரம் உங்களுக்குத் தீங்கு செய்கிறதா, அல்லது உங்களுக்குப் பிடிக்கவில்லையா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அமர்ந்தார். கையொப்பமிட்டவர்களுள் பெரும்பாலோரால் உடனே விடை கூற இயலவில்லை. முதல் மாடியில் வசிக்கும் ஆஸ்துமா நோயாளி ஒருவரால் மட்டுமே முடிந்தது. பூக்கும் பருவம் முழுவதும் தமக்கு மூச்சுத் திணறுவதாகவும், இரண்டு மரங்களின் கிளைகள் தம் படுக்கையறை ஜன்னலை உரசி நிற்பதாகவும் அவர் கூறினார்.

தோட்டம் வளர்ப்போர் ஒவ்வொருவருக்கும் பிடிக்காத செடி ஒன்று உண்டு. என் மனைவிக்குக் காகிதப்பூ ஆகாது. முள் உண்டு, மணம் இல்லை என்பார். எனக்குக் குரோட்டன்ஸ் என்றால் அலுப்பு. இவை ரசனை சார்ந்தவை. இவற்றுக்குக் காரணம் கேட்பதும் முறையன்று. ஆனால் ரசனையைத் தீர்ப்பாக மாற்றி அதற்கு ஒரு மரத்தின் உயிரை விலையாகக் கேட்கும்போது, காரணம் சொல்லியே ஆகவேண்டும்.

உண்மையிலேயே பொல்லாத தாவரங்கள் இல்லாமலில்லை. பார்த்தீனியம் இந்தியாவில் பரவத் தொடங்கிய வரலாற்றில் எங்கள் புணே நகரத்துக்கே முதலிடம். 1955-ஆம் ஆண்டில் அது இங்கேதான் கவனிக்கப்பட்டது. தோல் அழற்சியையும் ஒவ்வாமையையும் உண்டாக்கி, விளைநிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் அழிக்கும் அச்செடியிடம் இரக்கம் காட்ட வேண்டியதில்லை. அழகுக்காக நகரங்கள்தோறும் நடப்பட்ட கோனோகார்ப்பஸ் மரத்தைக் குஜராத் அரசு 2023-இலும் தமிழ்நாடு அரசு 2025-இலும் தடை செய்தன. அத்தடைகளுக்கு அடிப்படை வெறுப்பன்று. உடல்நலமும் சூழலும் கெடும் என்ற கவலையே.

ஏழிலைப்பாலையின் கணக்கு வேறு. இது இந்நாட்டிலேயே இயல்பாக வளரும் மரம். அரளியும் நித்தியகல்யாணியும் இதன் குடும்பத்தவை. இதன் மென்மையான பலகையில் முற்காலத்து மாணவர் எழுதிப் பழகினர். அதனாலேயே தாவரவியலார் இதன் பெயரில் ‘ஸ்காலரிஸ்’ என்ற சொல்லைச் சேர்த்தனர். கேரளத்தில் இம்மரத்தில் யட்சி குடியிருப்பதாக நம்பி அஞ்சுவர். சாந்திநிகேதனிலோ பட்டமளிப்பு விழாவில் இதன் இலைகளையே மாணவருக்கு வழங்கிவந்தனர். மரம் ஒன்றே, நாம் அதன்மேல் ஏற்றும் அச்சமும் அன்புமே வேறு.

அப்படியானால் பிழை எங்கே? விரைவில் வளரும், நிழல் தரும், கால்நடை மேயாது என்பதற்காக ஒரே இனத்தை வரிசையாக நட்டதில்தான். காட்டில் பிற மரங்களுக்கிடையே ஒன்றிரண்டாக நின்றால் இதன் மணம் காற்றில் கரைந்துவிடும். ஜன்னலுக்கு எட்டடி தொலைவில் பதினொன்று நின்றால் அது தொல்லையாவதில் வியப்பில்லை. சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில் முடக்காதீர்கள் என்று வாடிக்கையாளரிடம் நாள்தோறும் கூறும் நாங்கள், எங்கள் வளாகத்து மண்ணுக்கு அந்த அறிவுரையைக் கூறத் தவறிவிட்டோம்.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1975-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர நகர்ப்புற மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, நம் சொந்த நிலத்தில் நிற்கும் மரமாயினும் உரிய அனுமதியின்றி வெட்டுதல் கூடாது. அண்டை வீட்டாருக்குப் பிடிக்கவில்லை என்பது அனுமதிக்குப் போதிய காரணமாகாது, ஆகவும் கூடாது.

இறுதியில் சங்கம் மூன்று முடிவுகளை எடுத்தது. முதலாவது, நோயாளியின் ஜன்னலை ஒட்டிய இரண்டு மரங்களின் கிளைகளை மட்டும் உரிய அனுமதி பெற்று, பூக்கும் பருவத்துக்கு முன்பே ஆண்டுதோறும் கழிப்பது. இரண்டாவது, மற்ற ஒன்பது மரங்களையும் தொடாமல் விடுவது. மூன்றாவது, இனி நடும் மரங்களில் ஓர் இனத்தில் இரண்டுக்கு மேல் நடாமல், புங்கம், சரக்கொன்றை, மந்தாரை, கடம்பு எனப் பலவற்றைக் கலந்து நடுவது. வெட்டுக்கூலிக்கென எண்ணியிருந்த தொகை கன்றுகள் வாங்கச் செலவாயிற்று. மனுவிலிருந்து என் கையொப்பத்தை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

உங்கள் வளாகத்திலும் இத்தகைய மனு ஒன்று சுற்றுக்கு வரக்கூடும். கையொப்பமிடுமுன் அந்த ஆசிரியையின் கேள்வியை ஒருமுறை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். தீங்கு என்றால், எந்த மரம், யாருக்கு, எவ்வளவு என்று எழுதுங்கள். தீர்வு அதிலேயே கிடைக்கும். பிடிக்கவில்லை என்பது மட்டுமே காரணமென்றால், பருவம் முடியும்வரை பொறுத்திருங்கள்.

இவ்வளவும் எழுதிய பின்னும் அம்மணம் எனக்குப் பிடிக்கவில்லை. அக்டோபர் மாலைகளில் என் வீட்டு ஜன்னல் இன்றும் மூடியே இருக்கிறது. வெளியே அந்த மரங்கள் நிற்கின்றன.