அடுக்குமாடி வீட்டு வியாபாரமும் பஞ்சாங்கமும்

சென்னை நகரத்தில் அடுக்குமாடி வீடு வாங்கப் புறப்படுகின்றவர்களில் பலர் முதன் முதலாகப் போவது வக்கீலிடமும் அல்ல, என்ஜினீயரிடமும் அல்ல, வாஸ்துக்காரரிடமே போகின்றார்கள். வாசல் எந்தத் திசை, அடுப்பு எந்த மூலை, பத்திரம் பதிய எந்த நாள் என்கின்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிட்டால் அவர்களுக்கு மனம் நிறைந்துவிடுகின்றது. பிறகு 20 வருஷச் சம்பளத்தைப் பாங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, "வீடு அமைவது நம் கையிலா இருக்கின்றது?" என்கின்றார்கள்.

நாம் சொல்லுவது என்னவென்றால், வீட்டின் விலை மனிதர் கையில்தான் இருக்கின்றது. யார் யார் கையில் என்பதைத்தான் வாங்குகின்றவர் கேட்பதில்லை. அவர் கேட்காதிருப்பதே மற்றவர்களுக்கு லாபமாய் முடிகின்றது.

முதலாவது நிலத்தை எடுத்துக்கொள்ளுவோம். கட்டடம் நாளுக்கு நாள் பழசாகும், நிலம் பழசாவதில்லை. ஆகவே நாளைக்கு விலை பெறப்போவது செங்கல்லும் சிமெண்டும் அல்ல. வீட்டோடு சேர்த்து எழுதிக் கொடுக்கப்படும் பிரிபடாத மனைப் பாகமேயாகும். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. மனையளவில் ஒன்றரை மடங்கு கட்டலாம் என்றிருந்த சாதாரண விதியை 2019-ம் வருஷத்துக் கட்டட விதிகள் இரண்டு மடங்காக்கின. உத்தேசமாகக் கணக்குப் பார்த்தால், 1,200 சதுர அடி வீடு மூன்று கட்டிய மனையில் இப்போது நான்கு கட்டலாம். அப்படியானால் ஒரு வீட்டுக்கு 800 அடியாக இருந்த மனைப் பாகம் 600 அடியாகின்றது. கிரவுண்டின் விலையோ ஏறுகின்றது. சமையலறை அக்கினி மூலையில் இருக்கின்றதா என்று கேட்டவர்களில் எத்தனை பேர் இந்தக் கால் பாகம் எங்கே போயிற்று என்று கேட்டார்கள்?

மேலும், பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்ததும், 2015-ல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியதும் அக்கம்பக்கத்து மனை விலையை ஏற்றினவேயொழிய, குருப் பெயர்ச்சி ஏற்றிவிடவில்லை. ரோடும் ரயிலும் பொது ஜனங்கள் பணத்தில் வந்தவை. அதனால் வந்த விலையேற்றமோ நிலத்தை முன்கூட்டி வளைத்துப் போட்டவர்கள் பைக்குப் போகின்றது.

இரண்டாவது, வட்டி. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவிகிதமாயிருந்த ரிசர்வ் பாங்கியின் ரெப்போ வட்டி 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆயிற்று. 50 லட்ச ரூபாயை 20 வருஷத் தவணையில் வாங்கினால், 7 சதவிகித வட்டிக்கு மாதம் ஏறக்குறைய 38,800 ரூபாயும், 9 சதவிகிதத்துக்கு 45,000 ரூபாயும் கட்ட வேண்டும். 9 சதவிகிதமே நீடித்தால் முதலைவிட வட்டி அதிகமாகிவிடும். இந்த ஏற்றமும் இறக்கமும் எந்த ஜாதகத்தில் எழுதியிருந்தன?

மூன்றாவது, சர்க்கார். 2017 ஜூன் மாதத்தில் வழிகாட்டி மதிப்பை 33 சதவிகிதம் குறைத்துவிட்டு, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவிகிதமாக்கினார்கள். 2023-ல் மதிப்பை மறுபடியும் ஏற்றிக் கட்டணத்தை 2 சதவிகிதமாக்கினார்கள். நல்ல நாள் என்பதற்காகச் சர்க்கார் ஒரு காசும் குறைத்து வாங்குவதில்லை. ஆனால் அந்த நாட்களில் கூடுதல் டோக்கன் கொடுப்பதாகப் பதிவு இலாகா அறிவிக்க மாத்திரம் தவறுவதில்லை.

"இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? அவரவர் மனத்திருப்திக்குச் செய்துகொள்ளுகின்றார்கள்" என்று சில நண்பர்கள் சொல்லலாம். நஷ்டம் இருக்கின்றது. மகள் படிப்புக்காகவோ புருஷன் வைத்தியத்துக்காகவோ வீட்டை விற்கவேண்டிய ஒரு பெண்மணியை நினைத்துப் பாருங்கள். அவள் வீட்டு வாசல் தெற்கே பார்க்கின்றது என்கின்ற ஒரே காரணத்துக்காக வந்தவரெல்லாம் விலையை அடித்துக் கேட்கின்றார்கள். ஆடி மாதமானால் வந்து பார்ப்பாரும் குறைவு. காற்றும் வெளிச்சமும் நிறைந்த வீட்டுக்குத் திசையின் பேரால் விதிக்கும் அபராதம் அல்லவா இது?

இதைவிட மோசமானது "சைவர்களுக்கு மாத்திரம்" என்கின்ற விளம்பரம். சைவம் என்பது இங்கே சாப்பாட்டைப் பற்றிய பேச்சா, ஜாதியைப் பற்றிய பேச்சா என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கிரகாரத் தெரு படுத்திருந்தது. இப்போது லிப்டு வைத்து நிமிர்ந்து நிற்கின்றது. பணம் கையில் இருந்தும் ஒருவனுக்கு வீடு கிடையாது என்றால், அதை வியாபாரம் என்று எப்படிச் சொல்லுவது?

கேட்க வேண்டியதைக் கேட்பதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி, மாடிப்படியையும் லிப்டையும் சேர்த்து அளக்காமல் உள்ளே புழங்கும் தரைப் பரப்பைச் சொல்லித்தான் விற்க வேண்டும். ஒப்பந்தம் பதியாமல் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. வசூலித்த பணத்தில் 70 சதவிகிதம் அந்த வேலைக்கென்றே தனிக் கணக்கில் இருக்க வேண்டும். ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் கட்டமைப்பில் குறை கண்டால் கட்டியவரே சரிசெய்ய வேண்டும். பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு சொந்தக்காரர்கள் சம்மதித்தால் போதும் என்று 2022-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டமும் சொல்லுகின்றது. அப்போது பேசப்போவது அவரவர் மனைப் பாகமே தவிர, வாசலில் கட்டிய பூசணிக்காய் அல்ல.

2014 ஜூன் 28-ந் தேதி மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். எந்தத் திசையும் அதைத் தாங்கி நிறுத்திவிடவில்லை. மண்ணைச் சோதித்தார்களா, தூணுக்குக் கணக்குப் போட்டார்களா என்பவையே உயிர் காக்கும் கேள்விகள்.

ஆகவே வீடு வாங்க நினைக்கும் தோழர்கள், வாஸ்துக்காரருக்குக் கொடுக்கும் பணத்தை ஒரு வக்கீலுக்கும் ஒரு என்ஜினீயருக்கும் கொடுக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, மனைப் பாகம், தரைப் பரப்பு, பதிவு எண் ஆகிய ஐந்தையும் கேளுங்கள். ஐந்துக்கும் நேர்மையான பதில் வந்தால் அந்த நாளே நல்ல நாள்.