குண்டாற்றங்கரையில் மனை வாங்கலாமா? ஏப்ரலில் அல்ல, நவம்பரில் பார்த்து முடிவெடுப்பதே நல்லது

மதுரையிலிருந்து தெற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில், தேசிய நெடுஞ்சாலை 44-ல் இருக்கிறது திருமங்கலம். 2019 ஜனவரியில் தோப்பூர் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டப்பட்ட பிறகு, இந்தப் பக்கம் மனை விளம்பரங்களுக்குப் பஞ்சமில்லை. சிட்டி வாடகையிலும் டிராஃபிக்கிலும் களைத்துப்போன இளம் தம்பதிகளுக்கு ‘ஆற்றோர வீடு, காலை வாக்கிங், சுத்தமான காற்று’ என்பது ஆசையைத் தூண்டும் வார்த்தைகள். ஆசையில் தப்பில்லை. ஆனால் 20 வருட இஎம்ஐ கட்டப்போகிறவர், ஆற்றை எந்த மாதத்தில் பார்க்கிறார் என்பது முக்கியம்.

வறண்ட ஆறு, வராத ஆறு அல்ல

குண்டாறு வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. மழைக்காலத்தில் பெருகி, மற்ற மாதங்களில் மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும். ஏப்ரலில் மனை பார்க்க வருபவரிடம், “ஆத்துல தண்ணியே வராது சார், பயப்படாதீங்க” என்று சொல்வது சுலபம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மூன்று மாதத்தில்தான் ஆறு தன் உண்மையான அகலத்தைக் காட்டும்.

பத்து வருடம் தண்ணீர் வராமல் இருந்தால் வழி மறந்துவிடும் என்பது மனிதர்களின் கணக்கு. 1993 நவம்பரில் வைகையில் வந்த வெள்ளம், மதுரையின் கரையோரக் குடியிருப்புகளை மூழ்கடித்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

ஆறு மட்டுமா?

இல்லை. இந்தச் சமவெளியில் கண்மாய்கள் சங்கிலிபோல இணைந்தவை. மேல் கண்மாய் நிரம்பினால், மறுகால் பாய்ந்து கீழ் கண்மாய்க்குப் போகும். நடுவில் உள்ள ஓடையை மண் போட்டு மூடினாலும் தண்ணீர் அதே வழியைத்தான் தேடும். 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது, வைகை பெருக்கெடுத்ததால் அல்ல. கண்மாயும் வாய்க்காலும் கொள்ளாததால். அதனால் ஆற்றிலிருந்து தள்ளி இருக்கிறது என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

* புலப்படம்: சர்வே எண்ணைக் கொடுத்தால், தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் பார்க்கலாம். மனைக்குள்ளோ ஒட்டியோ ஓடை, வாய்க்கால் கோடு போகிறதா எனக் கவனிக்க வேண்டும்.
* ‘அ’ பதிவேடு: நிலம் பட்டாவா, புறம்போக்கா என்பது இதில் தெரியும்.
* வில்லங்கச் சான்று, டிடிசிபி அங்கீகாரம்: இரண்டும் கட்டாயம். ஆனால் லேஅவுட்டுக்கு அங்கீகாரம் இருக்கிறது என்பதற்காக வெள்ளம் வராது என்று அர்த்தமில்லை.
* பழைய ஊர் எங்கே இருக்கிறது: முன்னோர்கள் பெரும்பாலும் மேட்டைப் பார்த்தே குடியேறினார்கள். ஊரே ஒதுங்கி நின்ற பள்ளத்தில் லேஅவுட் வந்திருந்தால் காரணம் கேட்க வேண்டும்.
* தண்ணீர்: ஆறு பக்கத்தில் இருப்பதால் போர் தண்ணீர் நன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. மே மாதத்தில் பக்கத்து வீட்டுத் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

“காவிரி வரப்போகுது” என்றால்?

காவிரி-வைகை-குண்டாறு இணைப்புத் திட்டப் பணிகள் 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டன. சுமார் 262 கி.மீ. நீளக் கால்வாய் அது. அதன் நோக்கம் காவிரியின் வெள்ள உபரியை வறண்ட மாவட்டங்களுக்குக் கொண்டுவருவது. வீட்டு வாசலில் வருடம் முழுக்க ஆறு ஓடவைப்பது அல்ல. அதை நம்பி சதுர அடிக்குக் கூடுதலாகக் கொடுப்பது புத்திசாலித்தனம் இல்லை.

அப்போ ஆத்துப் பக்கமே போகக் கூடாதா?

தாராளமாகப் போகலாம். குண்டாற்றங்கரை நடக்கவும், சைக்கிள் ஓட்டவும், பிள்ளைகள் விளையாடவும் ஏற்ற இடமாக வேண்டும். அதற்குக் கழிவுநீரும் குப்பையும் ஆற்றில் சேராமல் தடுக்க வேண்டும், கரையில் மரங்கள் வேண்டும், எல்லைக்கல் வேண்டும். நடைபாதையில் தண்ணீர் ஏறினால் இரண்டு நாள் வாக்கிங் போகும். வரவேற்பறையில் ஏறினால் பல வருடச் சேமிப்பு போகும். ஆகவே வீடு மேட்டில் இருக்கட்டும். கரை ஊருக்கே பொதுவாக இருக்கட்டும். திருமங்கலத்தில் குடியேற நினைப்பவர்கள் நகராட்சியிடம் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பொதுக்கரையைத்தான். அது கிடைத்தால், ஆற்றைப் பார்க்க ஆற்றிலேயே வீடு கட்ட வேண்டிய தேவை யாருக்கும் இருக்காது.