எந்த டயரில்? எந்தக் குளிரில்?



ஐந்தாம் செமஸ்டர் செமினாரில் நான் எடுத்துக்கொண்ட தலைப்பு மின்சாரக் கார். மூன்று ராத்திரி கண்விழித்துத் தயார் செய்தேன். "இந்தக் கார் ஒருமுறை சார்ஜ் செய்தால் 500 கிலோமீட்டர் ஓடும்" என்று மேடையில் மிடுக்காக ஆரம்பித்ததுதான் தாமதம், பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் சார் கையைத் தூக்கினார். "எந்த டயர்ல தம்பி? எந்தக் குளிர்ல?" நான் ஒட்டிய சார்ட்டில் 500 இருந்தது. பக்கத்தில் வேறு ஒன்றும் இல்லை. வகுப்பே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்து மழுப்பினேன்.

அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை. மார்கழியில் ஸ்வெட்டர் போடுகிறவனைக் கிண்டல் செய்யும் ஊர் நம்முடையது. நமக்கெதற்கு இந்தக் குளிர் ஆராய்ச்சி என்று கேட்கலாம். கடைசியில் சொல்கிறேன்.

குளிரும் மின்சாரக் காரும் ஒன்றாக வாழும் இடம் நார்வே. 2024-ல் அங்கே விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது, முழுக்க பேட்டரியில் ஓடுபவை. "குளிர் வந்தா பேட்டரி செத்துரும், அந்த வண்டியெல்லாம் வேலைக்காகாது" என்று ஹாஸ்டலில் சத்தியம் செய்யும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பனி கொட்டும் தேசத்தில் ஜனங்கள் ஏமாந்தா வாங்குகிறார்கள்?

அதற்காக, குளிரில் ஒன்றுமே குறையாது என்று நான் வாதாடவில்லை. நார்வேயின் வாகன ஓட்டிகள் சங்கமான என்.ஏ.எஃப். 2020-ல் 20 கார்களைக் குளிர்காலத்தில் ஓட்டிப் பார்த்தது. கம்பெனி சொன்ன தூரத்தைவிடச் சராசரியாக 18.5 சதவீதம் குறைவாகத்தான் ஓடின. அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. சங்கம் 2019-ல் வெளியிட்ட சோதனை இன்னும் சுவாரசியம். மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் வாக்கில், ஹீட்டர் போடாமல் ஓட்டினால் சராசரி நஷ்டம் 12 சதவீதம். ஹீட்டரைப் போட்டால் 41 சதவீதம்!

அதாவது பேட்டரியைவிடப் பெரிய குற்றவாளி ஹீட்டர். குளிரில் பேட்டரிக்குள் ரசாயன வேலை மந்தமாகும், உள்தடை கூடும், பிரேக் பிடிக்கும்போது திரும்பி வரும் மின்சாரத்தையும் வாங்கத் தயங்கும், எல்லாம் உண்மைதான். ஆனால் பெட்ரோல் எஞ்சினை நினைத்துப் பாருங்கள். தெர்மல் பாடத்தில் ஹீட் பேலன்ஸ் ஷீட் போட்டோமே, எரிபொருளின் சக்தியில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வீணாகிறது என்று? அந்த வீண்தான் அங்கே இலவசக் கணப்பு. மின் மோட்டார் அவ்வளவு வீணடிப்பதில்லை. நல்ல பிள்ளையாக இருப்பதற்குத் தண்டனை: உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைச் சூடாக்க பேட்டரியிலிருந்தே எடுத்தாக வேண்டும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கிளம்புவதற்கு முன், வண்டி சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே உள்ளே சூடேற்றிவிடுகிறார்கள்.

காற்றும் சும்மா இருப்பதில்லை. ஐரோப்பாவில் தூரத்தை அளக்கும் டபிள்யூ.எல்.டி.பி. சோதனை 23 டிகிரியில், ஹீட்டரும் ஏ.சி.யும் இல்லாமல் நடக்கிறது. மைனஸ் 10-க்குப் போனால் காற்று எவ்வளவு அடர்த்தியாகும்? முதல் வருஷ பிசிக்ஸ்தான். 296-ஐ 263-ஆல் வகுங்கள். பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல். அவ்வளவு கூடுதல் காற்றை முட்டித் தள்ளிக்கொண்டுதான் வண்டி போக வேண்டும். அதே கணக்கில், 23 டிகிரியில் 36 பி.எஸ்.ஐ. வைத்த டயர் மைனஸ் 10-ல் சுமார் 30-க்கு இறங்கிவிடும். பங்ச்சர் ஒன்றும் வேண்டாம்!

இப்போது டயருக்கு வருவோம். என்னைக் கேட்டால், நாம் யாரும் சரியாகக் கவனிக்காத விஷயம் இதுதான். டயர் உருளும்போது ரப்பர் நசுங்கி நிமிர்கிறது. நசுக்கக் கொடுத்த சக்தி முழுசாகத் திரும்பி வருவதில்லை, கொஞ்சம் சூடாகப் போய்விடுகிறது. ஐரோப்பாவில் இதற்கு டயரிலேயே ஏ முதல் இ வரை தரச்சீட்டு ஒட்டுகிறார்கள். கார் டயரில் ஏ என்றால் ஒரு டன் எடைக்கு 6.5 கிலோ இழுவைக்குள். டி என்றால் 9.1 முதல் 10.5 வரை. இரண்டு டன் கார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 6.5 தரும் டயரில் இழுவை 13 கிலோ, 10 தரும் டயரில் 20 கிலோ. வித்தியாசம் 7 கிலோ, அதாவது 69 நியூட்டன். நூறு கிலோமீட்டருக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 1.9 யூனிட். அந்தத் தூரத்துக்கு வண்டி மொத்தமாகக் குடிப்பதே 18, 20 யூனிட்தான். பத்தில் ஒரு பங்கு டயரில் போச்சு!

சக்கரத்தின் சைஸும் அப்படியே. டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் காருக்கு அமெரிக்க அரசு 2022-ல் தந்த அளவு 19 அங்குலச் சக்கரத்தில் 396 மைல். 21 அங்குலத்தில் 348 மைல். அதே பேட்டரி, அதே மோட்டார். அழகுக்குக் கொடுத்த விலை 48 மைல்.

அப்படியானால் குளிர்காலத்திலும் லேசாக உருளும் கோடை டயரையே போட்டு ஓட்டிவிடலாமா? கூடவே கூடாது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே அந்த ரப்பர் விறைக்க ஆரம்பிக்கும். ஐஸில் பிரேக் அடித்தால் நிற்காது. பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் மெத்தென்று இருக்கும், அதன் கட்டைகளில் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். பிடிப்பு அதில்தான். அந்த நெளிவில் கொஞ்சம் சக்தி போகும், போகட்டும். எல்லாப் பனிக்கால டயரும் ஒரே மாதிரி தின்பதில்லை. சீட்டைப் பார்த்து வாங்கினால் நஷ்டம் குறையும். பத்து கிலோமீட்டருக்காக ஒரு உயிரை வைத்துச் சூதாடுவதை எஞ்சினியரிங் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

என் வருத்தம் விளம்பரத்தின் மேல். எந்தச் சக்கரத்தில் அதிகத் தூரம் வருகிறதோ அந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். வெப்பநிலையும் டயரும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைப்பதில்லை. குளிர் தேசத்தில் விற்கும் காருக்குப் பனிக்கால டயரோடு, ஹீட்டர் போட்டு ஓடும் தூரத்தையும் அதே சைஸ் எழுத்தில் போடச் சட்டமே வரவேண்டும்.

நமக்கெதற்கு என்று கேட்டீர்களே. நமக்குப் பனி இல்லை, டயர் இருக்கிறது. ஒரிஜினல் டயர் தேய்ந்ததும் விலை குறைவாகக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு, "சார், வண்டி முன்ன மாதிரி தூரம் போகல" என்று சர்வீஸ் சென்டருக்கு வருவார் ஒருவர். அங்கே கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கப்போவது நீங்களும் நானும்தான். "பேட்டரி போச்சு" என்று சீட்டெழுதினால் அவர் லட்சக்கணக்கில் அழ வேண்டும். முதலில் குனிந்து டயரைப் பாருங்கள்.

போன வாரம் மேலே போட்ட டயர் கணக்கை சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, வரி வரியாகப் பார்த்தார். தப்பு எதுவும் சொல்லவில்லை. நோட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "காத்து எவ்வளவு வெச்சே?"