மேசையின் விலை தெரியும், எடை தெரியுமா?

கடைக்குப் போகிறோம். ஒரு சாமானைப் பார்க்கிறோம். நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, வேறு நிறத்தில் இருக்கிறதா, விலையில் ஏதாவது தள்ளிக் கொடுப்பீர்களா என்றெல்லாம் கேட்கிறோம். "இதன் எடை என்ன?" என்று கேட்கிறோமா? கேட்பதே இல்லை. கால் கிலோ வெண்டைக்காய் வாங்கும்போது தராசு முள்ளை உற்று உற்றுப் பார்க்கும் நாம், கால் டன் சாமானை எடை கேட்காமலே வாங்கி விடுகிறோம்! இந்த விசித்திரத்தைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன். சொல்வதற்கு எனக்கு முழு யோக்கியதை உண்டு. ஏனென்றால் குற்றவாளிகளில் நானும் ஒருவன்.

கோவையில் எனக்கு ஒரு நண்பர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். விடுமுறைக்கு வரும் பேரக் குழந்தைகள் ஆளுக்கொரு செல்போனுடன் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்து விடுகிறார்கள் என்பது அவருடைய மனக்குறை. "எல்லோரும் சுற்றி நின்று ஆடுகிற மாதிரி வீட்டில் ஒரு விளையாட்டு வேண்டும்" என்று தீர்மானித்து, 8 அடி நீளமுள்ள பூல் மேசை ஒன்றை வாங்கினார். பில்லியர்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டம் இது. பச்சைக் கம்பளித் துணி போர்த்த மேசை. சுற்றிலும் ஆறு பைகள். கோலால் குத்திப் பந்தைப் பைக்குள் தள்ள வேண்டும்.

"வீட்டு வாசல் வரை இலவசமாகக் கொண்டு வந்து கொடுத்து விடுகிறோம்" என்றார் கடைக்காரர். "இலவசமாக" என்பது எங்கள் இருவர் காதிலும் நன்றாக விழுந்தது. "வாசல் வரை" என்பது விழவில்லை.

லாரி வந்தது. சொன்னபடியே வாசலில் இறக்கினார்கள். கையெழுத்தை வாங்கிக் கொண்டு போயே போய் விட்டார்கள். பில்லை எடுத்துப் பார்த்தேன். நீளம், அகலம், துணியின் நிறம், வரி எல்லாம் இருந்தன. எடை மட்டும் இல்லை.

மேசைக்கென்று ஒதுக்கிய அறையோ மாடியில் இருக்கிறது. படிக்கட்டு நடுவே ஒரு திருப்பம் வேறு. தெருமுனைக்குப் போய்ச் சுமை தூக்கும் தொழிலாளர்கள் நான்கு பேரை அழைத்து வந்தேன். "ஒரு மேசையை மாடிக்கு ஏற்ற வேண்டும்" என்று சொன்னேன். 3,000 ரூபாய் கேட்டார்கள். நான் விடுவேனா? பேரம் பேசி 1,800 ரூபாய்க்குப் படிய வைத்தேன். என் சாமர்த்தியத்தை நண்பர் வெகுவாக மெச்சினார்.

முதல் பெட்டியை இருவர் தூக்கிப் பார்த்தார்கள். உடனே கீழே வைத்து விட்டார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, மேசைன்னு சொன்னீங்க. இது கல்லுங்களே!"

மேசைக்குள் கல் ஏன்?

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நல்ல பில்லியர்ட்ஸ் மேசையில் பச்சைத் துணிக்கு அடியில் இருப்பது மரமல்ல, கல். அதுவும் நமக்குப் பழக்கமான கல்தான். சிறு வயதில் "அ, ஆ" எழுதிப் பழகினோமே, அதே சிலேட்டு! ஆந்திரத்தில் மார்க்காப்பூர் இந்தக் கல்லுக்குப் பேர் போன ஊர்.

ஆதியில் இந்த மேசைகளை மரப் பலகையால்தான் செய்தார்கள். மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் வளையும். பலகை ஒரு நூல் வளைந்தாலும் பந்து தன் இஷ்டத்துக்கு ஓடும். 1826-ஆம் ஆண்டு வாக்கில் லண்டனில் ஜான் தர்ஸ்டன் என்ற மேசை வியாபாரி சிலேட்டுக் கல்லைப் போட்டுப் பார்த்தார். கல் வளையவில்லை, மழைக்கும் வெயிலுக்கும் அசையவில்லை. தேய்த்துச் சமன் செய்தால் கண்ணாடி போல நின்றது. அன்று முதல் இன்று வரை உயர்ந்த மேசை என்றால் கல் மேசைதான்.

இனி எடையைக் கணக்குப் பார்ப்போம். சிலேட்டுக் கல் தண்ணீரைப் போல ஏறக்குறைய 2¾ மடங்கு கனமுள்ளது. 8 அடி மேசைக்கு ஓர் அங்குலக் கனத்தில் கல் போட்டால் கல் மட்டுமே 200 கிலோவைத் தாண்டுகிறது. அதை மூன்று துண்டாக அனுப்புகிறார்கள். துண்டு ஒன்றுக்குச் சுமார் 70 கிலோ. சட்டம், கால், ரப்பர் விளிம்பு எல்லாம் சேர்ந்தால் மேசையின் மொத்த எடை 350 முதல் 450 கிலோ வரை போகும். இது சின்ன மேசை! ஸ்னூக்கர் ஆடும் 12 அடி முழு மேசை என்றால் ஐந்து கற்கள். ஒரு டன்னுக்கும் மேல்.

நம் நாட்டுக் கட்டிட நியதியில், வீட்டு அறைகளின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் தாங்கும்படி கட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஒழுங்காகக் கட்டிய வீட்டில் 8 அடி மேசையால் சாதாரணமாக ஆபத்தில்லை. பழைய மரத்துலாம் போட்ட மாடியிலோ, 12 அடி மேசை விஷயத்திலோ, பொறியாளரைக் கேட்காமல் காரியத்தில் இறங்குவது தப்பு. இடமும் சும்மா வராது. 8 அடி மேசையைச் சுற்றி நின்று கோலை வீசி ஆட, 17 அடிக்கு 13½ அடி அறை வேண்டும். நண்பர் அறையை அளந்திருந்தார். தளத்தைப் பற்றி யோசிக்கவில்லை. படிக்கட்டை நினைத்துப் பார்க்கவே இல்லை.

உதகைக்கு ஏறிய மேசை

இது ஏதோ புதிதாக வந்த பிரச்னை என்று எண்ண வேண்டாம். ஸ்னூக்கர் ஆட்டம் பிறந்ததே நம் நாட்டில்தான். 1875-ல் ஜபல்பூரில் இருந்த நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரி அதை ஆரம்பித்து வைத்தார். (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரானவர் வேறு சேம்பர்லேன்.) ஆட்டத்தின் விதிகள் எழுத்தில் வந்து தொங்கிய இடமோ நம் உதகமண்டலம். 1882-ல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் அவற்றை மாட்டி வைத்தார்கள். உலகமெங்கும் ஸ்னூக்கர் ஆடுகிறவர்களுக்கு ஊட்டியின் பெயர் தெரியும்.

எனக்கு வேறொரு சந்தேகம். அந்த மேசை எப்படி மலை ஏறியது? மலை ரயில் குன்னூரை எட்டியது 1899-ல். உதகையை எட்டியது 1908-ல். 1882-க்கு முன்னால் ஒரு கல் மேசை உதகைக்குப் போயிருந்தால், மலைப்பாதையில் மாட்டு வண்டியும் மனிதத் தோளும்தான் அதை ஏற்றியிருக்க முடியும். விதி எழுதியவரின் பெயரைச் சரித்திரம் வைத்திருக்கிறது. கல்லைச் சுமந்தவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆண்டுகள் நூற்று நாற்பதுக்கு மேல் ஓடி விட்டன. இன்றும் நாம் பில்லில் கடையின் பெயரை எழுதுகிறோம். வாங்கியவர் பெயரை எழுதுகிறோம். சுமப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அதில் அடையாளமே இல்லை.

படிக்கட்டில் நடந்தது

கோவைக் கதைக்கு வருகிறேன். "கல்" என்று மூத்தவர் சொன்னவுடனேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். கூலியைத் திருத்திப் பேசியிருக்க வேண்டும். இன்னும் இரண்டு ஆட்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். "பேசின கூலி பேசினதுதானே?" என்று சொன்னேன். இன்று எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

படி ஏறும்போது கீழே நிற்பவர் மீதுதான் பாரம் அதிகம் சாயும். 70 கிலோவில் பாதி 35 என்ற கணக்குச் சமதரையில் சரி, படிக்கட்டில் செல்லாது. கீழே நின்றவர் நால்வரில் இளையவர். திருப்பத்தில் கல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுவருக்கும் கல்லுக்கும் நடுவே அவருடைய வலது கை விரல் அகப்பட்டுக் கொண்டது. அந்த நிலையிலும் அவர் கல்லை விடவில்லை. விட்டிருந்தால் பின்னால் வந்தவர் கால் போயிருக்கும்.

மருத்துவமனையில் படம் பிடித்துப் பார்த்து, எலும்பில் விரிசல் என்றார்கள். மூன்று வாரம் வேலை கூடாது. மருத்துவச் செலவையும் மூன்று வாரக் கூலியையும் நண்பர் ஏற்றுக் கொண்டார். நான் பேரத்தில் குறைத்த 1,200 ரூபாயைக் கொடுத்தேன். அவர் இடது கையால் அதை வாங்கிக் கொண்டார்.

மேசை மாடிக்குப் போகவில்லை. சோபாவை ஓரம் கட்டிவிட்டுக் கீழ்க் கூடத்திலேயே போட்டார்கள். ஆரம்பத்திலேயே அப்படிச் செய்திருக்கலாம். எடை தெரிந்திருந்தால் செய்திருப்போம்.

என்ன செய்யலாம்?

"கூலி பேசுவது அவரவர் சாமர்த்தியம், இதில் நியாயம் அநியாயம் எங்கே வந்தது?" என்று சிலர் கேட்கக் கூடும். பேரம் என்றால் இரு தரப்புக்கும் சரக்கு இன்னதென்று தெரிய வேண்டும். 400 கிலோ கல்லை "ஒரு மேசை" என்று சொல்லிக் கூலி பேசுவது பேரமல்ல, ஏமாற்று. எனக்கே எடை தெரியாது என்பது சமாதானம் ஆகாது. தெரிந்து கொள்ளாததுதான் என் குற்றம்.

"இந்த மேசையை வாங்குகிறவர்கள் ஊரில் எத்தனை பேர்?" என்றும் கேட்கலாம். மேசையை விடுங்கள். இரும்புப் பீரோ, குளிர்ப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், தேக்குக் கட்டில் இவையெல்லாம் மாடி வீடுகளுக்குத் தாமாகவா ஏறிப் போகின்றன? நம் பாட்டிமார் வீடு மாற்றும்போது ஆட்டுக்கல்லை எப்படிக் கொண்டு போவது என்பதுதான் முதல் யோசனையாக இருக்கும். கனத்தைக் கையால் அறிந்தவர்கள் அவர்கள். நாமோ பொத்தானை அழுத்தி வாங்குகிறோம். கனம் வேறு யாருடைய தோளிலோ இருக்கிறது.

1967-லேயே உலகத் தொழிலாளர் ஸ்தாபனம், ஓர் ஆண் தொழிலாளி தனியே சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்ட வேண்டாம் என்று சிபாரிசு செய்தது. நம் மாநிலத்திலும் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காக 1982-ல் சட்டம் வந்தது. நல வாரியம் வந்தது. நல்ல காரியங்கள்தான். ஆனால் நண்பர் வீட்டு மாடிப்படி திருப்பத்தில் அதிகாரி யாரும் நின்று கொண்டிருக்கவில்லை. அங்கே நின்றவன் நான்.

ஆகையால் என் அபிப்பிராயம் இதுதான். கனமான சாமான் விற்கும் ஒவ்வொரு கடைக்காரரும் மொத்த எடையையும், ஒவ்வொரு பெட்டியின் எடையையும், அதைத் தூக்க எத்தனை ஆள் வேண்டும் என்பதையும் பில்லிலும் பெட்டி மேலும் போட வேண்டும். "வாசல் வரை"யா, "அறை வரை"யா என்பதைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். அறை வரை என்றால் அதற்குரிய கூலியை விலையிலேயே சேர்த்து வாங்கட்டும்; கொடுக்கத் தயங்குகிறவர் அந்தச் சாமானை வாங்க வேண்டாம். வாங்குகிறவர்களும் பணம் கொடுக்குமுன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எடை என்ன? எந்த வழியாகப் போகும்? யார் தூக்குவார்கள்?

நாம் தேர் இழுக்கும் ஊர்களில் பிறந்தவர்கள். ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையை எடுக்கும் வரை தேர் காத்து நிற்கும். சுவாமி ஏறிய தேரே ஒரு கைக்காகக் காத்திருக்கிறது. நம் வீட்டு மேசை காத்திருக்கக் கூடாதா?