வற்றிய உடம்புக்கும் ஓர் இடம் வேண்டும்

கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்மூர்க்காரர்கள் எல்லோருக்கும் அதில் பெருமைதான். ஆனால் வாகை மரத்தில் நம்மவர்கள் செதுக்கும் பெண் உருவங்களைப் பாருங்கள். லட்சுமியோ, சரஸ்வதியோ, பாவை விளக்கோ, எல்லோருக்கும் ஒரே வயது, ஒரே இடை, சுருக்கமில்லாத ஒரே முகம். தெய்வத்தை இளமையாகக் காட்டுவது சாஸ்திரம். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் நம் மரபு அவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காரைக்கால் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். புனிதவதி என்ற பெயரில் வணிகர் வீட்டில் பிறந்த அழகி. மாம்பழ அதிசயத்தைக் கண்டு மிரண்டு பிரிந்துபோன கணவன், கடைசியில் அவர் காலிலேயே விழுந்தான். அவனுக்காகச் சுமந்த சதை இனி எதற்கு என்று, பேய் வடிவைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். சோழர் காலச் சிற்பிகள் அந்த விலா எலும்பையும் வற்றித் தொங்கிய மார்பையும் ஒளிக்கவில்லை. கையில் தாளத்தோடு அமர்ந்த அப்படியொரு செப்புத் திருமேனி நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லான் காலடியில் கல்லிலும் இருக்கிறார்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். வியோன் என்ற 15-ஆம் நூற்றாண்டுக் கவிஞரின் பாட்டு ஒன்று உண்டு. ஒரு காலத்தில் அழகியாக இருந்தவள், கிழவியான பின் தன் உடம்பைப் பார்த்துப் புலம்புவாள். ரோதேன் 1880-களில் செய்த கிழவி சிலைக்கு அந்தப் பாட்டின் பெயரே நிலைத்தது. தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பாள். நம் அம்மையார் தலை கவிழவில்லை, பாடுகிறார். உடம்பு இரண்டும் ஒன்றுதான். ஒருத்தி போனதற்கு அழுகிறாள், மற்றவர் வேண்டாமென்று விட்டவர்.

இது வெறும் சிலைப் பேச்சு இல்லை. எழுபதைத் தொட்ட என் மனைவி, கல்யாண வீட்டில் போட்டோவுக்குக் கூப்பிட்டால் "இந்த மூஞ்சி எதுக்கு" என்று பின்வரிசைக்குப் போய்விடுகிறார். உங்கள் வீட்டிலும் இதே கதையாகத்தான் இருக்கும். நாளைக்குப் பேத்திகள் பாட்டியை ஆல்பத்தில் தேடுவார்கள். கிடைக்க மாட்டார். கல்வராயன் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் சுமந்து வந்த மூதாட்டிகளின் கழுத்தெலும்பையும் காய்த்த கையையும்கூட இதுவரை எந்தப் பட்டறையிலும் நான் பார்த்ததில்லை.

பேய் உருவத்தை வீட்டில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். சிவபெருமானே "அம்மையே" என்று அழைத்தவரை வைக்காமல் வேறு யாரை வைப்பது? அடுத்த முறை மரச் சிற்பம் வாங்கப் போனால் அம்மையார் வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால்தான் செதுக்குவார்கள். அடுத்த கல்யாணத்தில் பாட்டிக்கு முன்வரிசையில், நடுவில், ஒரு நாற்காலி போடுங்கள்.